மன்னித்ததாக எடுத்துக்கொள்வார்கள்

நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் வந்த திரிஷாதான் அன்று காலையில் என் வாயைக் கிளறினாள்.

"மேம், கண்டனேஷன்னா ஃபைன்தான மேம்?"

தேனியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் ஆங்கிலம் எடுக்கிறேன். வருகை குறைந்த பிள்ளைகள் பணம் கட்டி எழுதிக் கொடுத்தால் பரீட்சைக்கு விடுவார்கள். அதற்குப் பெயர் கண்டனேஷன். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஆபீஸில் இருக்கிற கிளார்க்குக்கும் அது ஃபைனுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். வேறு நாளாக இருந்தால் "ஆமா, உட்காரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போயிருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. அந்த வார்த்தை ஒரு வாரமாக என் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபைன் இல்ல. அப்படியே நில்லு, சொல்றேன்" என்றேன். பாவம், அவள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை.

போர்டில் கண்டனேஷனின் வினைச்சொல்லான கண்டோனைப் பெரிதாக எழுதினேன். எழுதும்போதே சாக்பீஸ் உடைந்தது. தப்பு என்று நன்றாகத் தெரிந்தும், அது தப்பே இல்லை என்பதுபோல் நடந்துகொள்வது. அதுதான் கண்டோன். மன்னிப்பு மாதிரி இருக்கும், ஆனால் மன்னிப்பு இல்லை. மன்னிக்கிறவர், 'நீ செய்தது தப்பு, ஆனாலும் போ' என்று வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார். கண்டோன் பண்ணுகிறவர் ஒன்றும் சொல்வதில்லை. பேசாமல் அடுத்த வேளைச் சோற்றைப் போட்டுவிடுகிறார்.

"மூலம் லத்தீன். டொனாரேன்னா கொடுக்கிறது. டொனேஷனும் அதே வீட்டுப் பிள்ளைதான். முன்னாடி 'கான்'னு ஒரு ஒட்டு சேர்ந்தா, மிச்சம் வைக்காம முழுசாக் கொடுத்துடறது. கடனைத் தள்ளுபடி பண்றதுக்கும் அந்தக் காலத்தில் அந்தச் சொல்தான். சமஸ்கிருதம் வழியா நம்மகிட்ட வந்த தானம் இருக்கே, அதுவும் டொனாரேயும் பங்காளிங்க. ஆதியில் ஒரே வேர்."

பங்காளி என்றதும் பின் வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொண்ணு கவனிங்க. இந்த வார்த்தை பெரும்பாலும் ஒரு 'நாட்', 'டோன்ட்' சேர்ந்து, இல்லைன்னு சொல்றப்போதான் வரும். வி டோன்ட் கண்டோன் வயலன்ஸ். அரசாங்கம் சொல்லும், கம்பெனி சொல்லும். ஐ கண்டோன்னு நெஞ்சைத் தட்டிச் சொன்ன ஒருத்தரை நான் படிச்சதே இல்ல. ஏன் தெரியுமா? செய்றவங்க சொல்றதில்ல. செஞ்சுட்டுப் பேசாம இருந்துடறாங்க."

மேசைமேல் என் செல்போன் துடித்தது. திரையில் 'அத்தை' என்று வந்தது. காலையிலிருந்து இதே பாடுதான். எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. மணி அடித்ததும் படிக்கட்டில் நின்றுகொண்டு நானே கூப்பிட்டேன்.

அத்தை என்றால் என் மாமியார் சண்முகத்தாய். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம். அவருடைய மகன் லிங்கேஸ்வரன் என் புருஷன். 'அவர்' என்று சொல்லிப் பழகிவிட்டது, கோபம் வந்தால் 'அவன்' ஆகிவிடும், யாரும் குறை சொல்ல வேண்டாம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நான் வேலைக்குப் போவேன் என்று சொன்னதற்காக, என் இடது மணிக்கட்டைப் பிடித்து முருங்கைக் கொம்பை ஒடிப்பதுபோல் ஒடித்தான். உள்ளே இப்போது ஸ்டீல் தகடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அத்தைதான் முந்திக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்" என்றார். நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், மறுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படியே ஏறிவிட்டது.

அதே அத்தைதான் கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு ஊட்டினார், தலை பின்னிவிட்டார். அதுதான் கொடுமை. வெறுக்கவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை.

கட்டுப் பிரித்ததும் தேவதானப்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறேன். என் வக்கீல் ஜெபஷீலா மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஜோதி, அந்தச் சீட்டுல வழுக்கி விழுந்ததாத்தேன் இருக்கு. நம்ம கையில வேற ஒண்ணும் வலுவா இல்ல. இந்த நேரத்துல ஒரு ராத்திரி அந்த வீட்டுல தங்கினீகன்னா போச்சு. நடந்தத கண்டோன் பண்ணியாச்சுன்னு எதிர்ப்பார்ட்டி ஓடி வருவாக. புருசன் பொண்டாட்டியா சேந்து நிக்கிற மாதிரி எங்கனயும் நிக்காதீக."

அந்த வார்த்தை அன்றைக்குக் காதுக்குள் புகுந்ததுதான்.

"ஆத்தா ஜோதி" என்றார் அத்தை போனில். குரல் கம்மியிருந்தது. "நாளைக்கு மாசிக் கும்பிடு. அடுப்பு காலியாக் கெடக்கப் போகுதுத்தா."

எந்த அடுப்பு என்று சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய குலசாமி கோயில் பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. மாசியில் பங்காளிகள் எல்லோரும் கூடி, வீட்டுக்கு ஒரு பானை என்று வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். கல்யாணமாகி வரும் மூத்த மருமகள் கையில் மாமியார் முதல் மாசியிலேயே பித்தளைக் கரண்டியைக் கொடுத்துவிடுவார். கொடுத்தால் கொடுத்ததுதான். அதன்பிறகு அந்த வீட்டுப் பானை மருமகள் கையால்தான் ஏற வேண்டும், மாமியார் அடுப்பைத் தொடக்கூடாது. கரண்டி என்னிடம் இருந்தது. வீட்டைவிட்டு வந்தபோது துணியோடு துணியாகப் பெட்டியில் வந்துவிட்டது.

"போன வருசமே பங்காளிக ஒரு மாதிரியாப் பாத்தாக. இந்த வருசமும் ஏறலைன்னா நம்ம அடுப்புக் கல்ல வரிசையில இருந்தே எடுத்துருவாகளாம். அவனுக்காக வர வேணாம்த்தா. சாமிக்காக வா. எனக்காக வா."

"முடியாதுத்த" என்று வைத்துவிட்டேன். மூன்றாம் மாடி வரை ஏறிவிட்டு, எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் இறங்கி வந்து, மறுபடி கூப்பிட்டேன்.

"பகல்ல வந்து பானைய இறக்கிட்டுப் போயிருவேன். வீட்டுக்கு வர மாட்டேன். பானை இறக்கினதும் நெத்தியில வைக்கிற குங்குமத்த பூசாரிதேன் வைக்கணும், உங்க மகன் வைக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்த்தா, சம்மதம். பூசாரிகிட்ட நானே சொல்லிப்புடுதேன்."

அன்று ராத்திரியே பெட்டியிலிருந்து கரண்டியை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் போடியில் இறங்கித் தேவாரம் பஸ் ஏறினேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் வெயில் என்று இந்தப் பக்கம் வந்தேன், இந்தப் பக்கம் டிரைவர் பாட்டு காதைப் பிளக்கிறது என்று பின்னால் போனேன். கண்டக்டர், "என்னக்கா, எல்லா சீட்டையும் பாத்தாச்சா?" என்று நக்கல் அடித்தார். சிலமலையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். தேவாரத்திலும் நினைத்தேன். ஜெபஷீலா மேடத்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றும் இருந்தது. பைக்குள் கரண்டி, மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம் டிபன் டப்பாவில் இடித்துச் சத்தம் போட்டது.

கோயிலில் ஏலத்தோட்டத்திலிருந்து லீவு போட்டு ஜீப் ஜீப்பாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ஒரே ஒரு அடுப்பில் மட்டும் வெறும் கல். பக்கத்தில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். முன்பல் இரண்டும் இல்லாததால் சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் அப்படித்தான் பொத்திக்கொள்வார். அவருக்குக் கல்யாணமான புதிதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து போனதாம்.

"வந்துட்டியாத்தா" என்று என் கையைப் பிடித்தார். இடது கையை. பிடித்த உடனே புரிந்துகொண்டு விட்டுவிட்டார்.

அடுப்பு மூட்டினேன். மலைக்காற்று தீயை நிற்கவிடவில்லை. பக்கத்துப் பானைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பொங்கிக் குலவை கேட்டது. என் பானை மட்டும் ஒரு குமிழிகூட விடாமல் உட்கார்ந்திருந்தது. நான் மணியைப் பார்த்தேன், பானையைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். புளியமரத்தடியில் மாமனார் அழகுமலை தலையில் பரிவட்டத்தோடு பங்காளிகள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் லிங்கேஸ்வரன், வெள்ளைச் சட்டை, புது வேட்டி. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எதற்குச் சிரிப்பு?

கடைசியில் பானை பொங்கியது. அத்தை குலவை போட்டார், பல் இல்லாத வாயைப் பொத்தாமல் போட்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். துணியைச் சுற்றிப் பானையை இறக்கும்போது மணிக்கட்டில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். முடிந்தது, கிளம்பலாம் என்று நிமிர்ந்தபோது லிங்கேஸ்வரன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கையில் பூசாரியின் குங்குமத் தட்டு.

"பூசாரி எங்க?" என்றேன்.

"எதுக்குப் பூசாரி? நான் வைக்கிறேன். எல்லாரும் பாக்குறாக, பேசாம நில்லு" என்றார் மெதுவாக.

அத்தையைப் பார்த்தேன். "ஏலே லிங்கு, நான் பூசாரிகிட்டச் சொல்லியிருந்தேனே" என்றார். அவன் காதில் வாங்கவில்லை.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று பக்கத்தில் ஒரு குரல். அஜய்குமார், லிங்கேஸ்வரனின் சித்தப்பா மகன், போடியில் செல்போன் கடை வைத்திருப்பவர். போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "மதினி மொகம் விழுகல. வக்கீலு ரெண்டு மொகமும் தெளிவா வேணும்னு சொன்னாருல்ல?"

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுப்பு காலி, பங்காளி பேச்சு, சாமி குத்தம் என்று அத்தையின் காதில் யார் ஓதியிருப்பார்கள் என்று இப்போது தெரிந்தது. அந்த அம்மா பாவம், உண்மை என்று நம்பி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நானோ, பானை சாமிக்கு, புருஷனுக்கு இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். இங்கிலீஷ் வாத்தியாராம்! போர்டில் எழுதிக்காட்டிய மறுநாளே நானே போய் அந்த வார்த்தைக்கு உதாரணமாக நிற்கிறேன்.

குங்குமம் தொட்ட விரல் என் நெற்றிக்கு வந்தது. நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். அஜய் போனை இறக்கினார்.

"அஜய், நிப்பாட்டாத" என்றேன். எனக்கே அடையாளம் தெரியாத குரல். "தெளிவா வேணும்னு சொன்னாகல்ல? நல்லா எடு."

"ஏய், என்ன பண்ற?" என்றான் லிங்கேஸ்வரன்.

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். மணிக்கட்டில் தழும்பு. "இந்தக் கைய ஒடிச்சது இவுகதேன். இன்னைக்கி இங்கன வந்து பானை வச்சது சாமிக்காக. எங்கத்தைக்காக. இவுகளோட சேந்து வாழ வரல. நடந்ததை நான் மன்னிக்கல, மறக்கல. இந்த வீடியோவ யார் பாத்தாலும் இதையும் சேத்துப் பாக்கட்டும்." அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அவனுடைய வக்கீலுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு தடவை சொன்னேன். "ஐ டூ நாட் கண்டோன் இட்."

வரிசையில் நின்ற பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தார்கள்.

பானையிலிருந்த கரண்டியை எடுத்து அத்தையிடம் நீட்டினேன். "இந்தாங்கத்த. இனி உங்க பானைய நீங்களே ஏத்துங்க. நான் வர மாட்டேன்."

"கரண்டி திரும்பக் கூடாது!" என்று மரத்தடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "குடுத்தது குடுத்ததுதேன்!"

அத்தை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிவிட்டேனே என்று எனக்கே பட்டது.

"கடைசியா இங்கிலீசுல என்னமோ சொன்னியேத்தா" என்றார். "அது என்ன?"

அந்த நேரத்தில் அதையா கேட்பார்! "பேசாம இருந்துட்டா மன்னிச்சதா எடுத்துக்கிருவாகத்த. அதேன், இல்லன்னு வாயத் திறந்து சொன்னேன்."

"பேசாம இருந்தாலேவா?"

"ஆமாத்த. சோறாக்கிப் போட்டுக்கிட்டு, பேசாம அந்த வீட்டுலயே இருந்தா, நடந்தது பரவாயில்லன்னு அர்த்தம் பண்ணிக்கிருவாக."

"எத்தன வருசம் இருந்தாலும் அப்படித்தேனா?"

கேட்டுவிட்டு அவர் புளியமரத்தடியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கரண்டியை வாங்கிக்கொண்டார். பொங்கல் ஒட்டியிருந்தது, சூடாக இருந்திருக்கும், உதறவில்லை.

அஜய் போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விடப் பார்த்தார்.

"ஏலே அஜய், எங்கன வைக்கிற? எடுலே வெளிய. இங்கன திருப்பு, நான் பேசணும்."

"பெரியம்மா, வேணாம்…"

"திருப்புடான்னா."

திருப்பினார். அத்தை மறுபடி வாய்க்குப் போன முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"எம்மருமக பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு ஆஸ்பத்திரியில சொன்னது நாந்தேன். அது பொய்யி. எம்மகன்தேன் ஒடிச்சான். அடுப்படியில நின்னு எங்கண்ணால பாத்தேன். எந்தக் கோர்ட்டுல வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

"அம்மா!" என்றான் லிங்கேஸ்வரன். தட்டு சாய்ந்து குங்குமம் அவன் வேட்டியெல்லாம் கொட்டியது.

மாமனார் அழகுமலை எழுந்துவிட்டார். "ஏய் சம்முகம், வாய மூடு. சாமி முன்னாடி என்ன பேச்சு இது?"

"சாமிக்குத் தெரியாததா சொல்லப் போறேன்?" என்றார் அத்தை. போனைப் பார்த்தே பேசினார். "எங்க வீட்டு பாத்ரூம்ல சொரசொரன்னு கல்லு பதிச்சிருக்கு. கட்டுன நாள்லயிருந்து அதே கல்லுதேன். அங்கன யாரும் வழுக்க மாட்டாக. நானும் வழுக்கல. எம்பல்லு ரெண்டும் எப்படிப் போச்சுன்னு அந்த மனுசங்கிட்டக் கேளுங்க."

மரத்தடியில் அத்தனை பங்காளிகளும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பரிவட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை அடுப்பண்டையில் குந்தி, பானையைக் கரண்டியால் கிளறி, முதல் பொங்கலை இலையில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இரு, நானும் வாரேன்" என்றார். "எத்தன மணிக்குத்தா பஸ்சு?"